தாயக்கட்டையும் குலுக்கல் சீட்டும்: நிகழ்தகவு கற்கத் தொடங்குபவர்களுக்கு

புள்ளியியல் பாடத்தில் நிகழ்தகவு அத்தியாயம் வந்ததும் பலரும் முதலில் சூத்திரங்களை மனப்பாடம் செய்ய உட்கார்ந்துவிடுகிறார்கள். அதற்கு அவசரமில்லை. இங்கே தேவைப்படும் சூத்திரங்களை ஒரு போஸ்ட் கார்டில் எழுதிவிடலாம். பெரும்பாலான தப்புகள் வேறு இடத்தில் பிறக்கின்றன: எதை எண்ணுகிறோம் என்று முடிவு செய்யாமலே எண்ணத் தொடங்கிவிடுகிறோம். பின்னத்தின் மேலே ஒரு விதமாகவும் கீழே இன்னொரு விதமாகவும் எண்ணிவிட்டு, விடை ஏன் பொருந்தவில்லை என்று முழிக்கிறோம்.

அதனால் இந்தக் கட்டுரையில் கணக்குகள் எல்லாம் நம்ம ஊர்ச் சாமான்களோடுதான். ஒரு ஜோடி தாயக்கட்டை, ஒரு நோட்டு, ஒரு பென்சில் போதும். பித்தளைக் கட்டை வீட்டில் இல்லையென்றால் நெல்லை டவுன் ரத வீதிகளில் இருக்கும் பாத்திரக் கடைகளில் கேட்டுப் பாருங்கள்.

முதல் படி: ஒரே ஒரு விளைவை எழுதுங்கள்

தாயக்கட்டை ஒவ்வொன்றிலும் நான்கு முகங்கள். ஒன்றில் ஒரு புள்ளி, ஒன்றில் இரண்டு, ஒன்றில் மூன்று, இன்னொன்று வெறும் முகம். வெறும் முகத்தைப் பூஜ்யம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கட்டைகளை உருட்டுகிறோம். என்னவெல்லாம் விழலாம்?

"தாயம், இரண்டு, மூன்று, நாலு, ஐந்து, ஆறு, பன்னிரண்டு. மொத்தம் ஏழு" என்று ஒருவர் சொல்வார். அப்படியானால் தாயம் விழும் நிகழ்தகவு ஏழில் ஒன்றா? வீட்டில் ஆச்சியோடு நாலு ஆட்டம் ஆடியவர்களுக்கே தெரியும், மூன்று விழுவதும் பன்னிரண்டு விழுவதும் ஒன்றில்லை என்று.

ஒரு விளைவு என்பதை இப்படி எழுதுங்கள்: இடது கட்டையின் எண், வலது கட்டையின் எண். இப்போது பட்டியல் தானாக வரும்.

00, 01, 02, 03
10, 11, 12, 13
20, 21, 22, 23
30, 31, 32, 33

மொத்தம் 16. இதற்குப் பெயர்தான் கூறுவெளி. இதில் தாயம் என்பது 01, 10 என்ற இரண்டு விளைவுகள். ஆக நிகழ்தகவு 2/16, அதாவது 1/8. கூட்டுத்தொகை மூன்று வர 03, 12, 21, 30 என்று நான்கு வழி. இரண்டும் பூஜ்யம் விழுந்தால் பன்னிரண்டு என்று எண்ணுவது பரவலான வழக்கம். அதற்கு ஒரே வழிதான். ஆட்ட விதி வீட்டுக்கு வீடு மாறும், அந்தச் சண்டைக்குள் நாம் போகவேண்டாம்.

"01ம் 10ம் ஒன்றுதானே, எதற்கு இரண்டு தடவை எண்ண வேண்டும்?" என்ற கேள்வி கட்டாயம் வரும். ஒரு கட்டையில் நகப்பாலிஷ் வைத்துவிட்டு உருட்டுங்கள். இப்போது இரண்டும் வேறுவேறு என்று கண்ணுக்கே தெரியும். பாலிஷ் வைத்ததால் தாயம் விழுவது கூடவோ குறையவோ செய்யாது. எனவே பாலிஷ் வைப்பதற்கு முன்னாலும் அவை இரண்டு விளைவுகளாகத்தான் இருந்தன.

இரண்டாம் படி: எல்லாவற்றுக்கும் ஒரே வாய்ப்பா?

சாதகமான விளைவுகளை மொத்த விளைவுகளால் வகுக்கிறோமே, அந்தச் சூத்திரத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. பட்டியலில் உள்ள ஒவ்வொரு விளைவுக்கும் சமவாய்ப்பு இருக்க வேண்டும். நான்கு முகமும் ஒரே அளவாக இருக்கும் நல்ல பித்தளைக் கட்டைக்கு இதை நம்பலாம்.

கட்டை இல்லாத வீடுகளில் புளியமுத்தை ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையாக்கி, நாலு முத்தைக் குலுக்கிப் போட்டு ஆடுவார்கள். இதிலும் பட்டியல் போட்டால் 2 × 2 × 2 × 2 = 16 விளைவுகள்தான். ஆனால் தேய்த்த பக்கம் தட்டை, மறுபக்கம் கொஞ்சம் மேடு. வெள்ளை விழுவதும் கருப்பு விழுவதும் சரிபாதி என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. இந்த இடத்தில் 1/16 என்று எழுதுவது கணக்கில்லை, வெறும் நம்பிக்கை. ஒரு முத்தை இருநூறு தடவை போட்டு, எத்தனை வெள்ளை என்று குறித்து, அந்த விகிதத்தை வைத்துக்கொள்ள வேண்டும். பட்டறிவு நிகழ்தகவு என்று பாடப்புத்தகம் சொல்வது இதைத்தான்.

மூன்றாம் படி: 'அல்லது' வந்தால் கூட்டல், 'அப்புறம்' வந்தால் பெருக்கல்

திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து தென்காசிக்கு ஆலங்குளம் வழியாகப் பஸ்ஸில் போகலாம், அல்லது அம்பாசமுத்திரம் வழியாக ரயிலில் போகலாம். உங்களுக்குத் தோதான நேரத்தில் 5 பஸ், 2 ரயில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். போக 5 + 2 = 7 வழி. தென்காசியில் இறங்கி, அப்புறம் குற்றாலத்துக்கு 4 வண்டிகளில் ஏதாவது ஒன்றில் ஏறலாம் என்றால் 7 × 4 = 28 வழி. கூட்டல் கொள்கையும் பெருக்கல் கொள்கையும் இவ்வளவுதான். கணக்கை வாசிக்கும்போது இந்த இரண்டு சொற்களை மனசுக்குள் போட்டு வாசித்தால் எங்கே கூட்டுவது, எங்கே பெருக்குவது என்ற குழப்பம் வராது.

இதே பெருக்கலை வைத்து வண்டி நம்பரைப் பார்ப்போம். திருநெல்வேலிப் பதிவு வண்டிகள் டிஎன் 72ல் தொடங்கும். அதன் பின் வரும் எழுத்துகளை இப்போதைக்கு விட்டுவிடுவோம். அரசு வாகனத்துக்கு ஜி, அரசு பஸ்ஸுக்கு என் என்று ஒதுக்கீடு இருப்பதால் 26ஐ 26ஆல் பெருக்கினால் விடை தப்பாகும். கடைசி நான்கு இலக்கங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 0001 முதல் 9999 வரை, மொத்தம் 9999 எண்கள்.

கேள்வி இது: கண்ணில் படும் ஒரு வண்டியின் நான்கு இலக்கங்களில் ஏதாவது ஓர் இலக்கம் திரும்ப வந்திருக்க நிகழ்தகவு என்ன? 7271 என்றால் 7 திரும்ப வந்திருக்கிறது, கணக்கில் சேரும். 57 என்று மட்டும் எழுதியிருந்தால் 0057 என்று வாசியுங்கள்.

நேராக எண்ணப் போனால் ஒரு இலக்கம் இரண்டு தடவை, இரண்டு ஜோடி, மூன்று தடவை என்று கிளை கிளையாகப் பிரியும். எதிர்ப்பக்கம் எண்ணுவது சுலபம். நான்கும் வேறுவேறாக இருக்க முதல் இடத்துக்கு 10 வழி, அப்புறம் 9, அப்புறம் 8, அப்புறம் 7. 10 × 9 × 8 × 7 = 5040. 9999லிருந்து கழித்தால் 4959. நிகழ்தகவு 4959/9999, ஏறத்தாழ 0.496. கிட்டத்தட்ட சரிபாதி! இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று பெரும்பாலும் யாரும் எதிர்பார்ப்பதில்லை.

நம்பாதவர்கள் வேய்ந்தான்குளம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் பைக் நிறுத்தும் இடத்தில் நூறு நம்பரைக் குறித்துப் பார்க்கலாம். 40க்கும் 60க்கும் இடையில் எது வந்தாலும் கவலைப்பட வேண்டியதில்லை, நூறு வண்டி மாதிரியில் அவ்வளவு ஆட்டம் இயல்பு. காசு கட்டி ஃபேன்சி நம்பர் வாங்குபவர்களால் எண்ணிக்கை கொஞ்சம் மேலே இழுக்கும் என்பதையும் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: வரிசை முக்கியமா?

என்.எஸ்.எஸ். குழுவில் 12 பேர். 7 பெண்கள், 5 ஆண்கள். தலைவர், செயலர், பொருளாளர் என்று மூவரைத் தேர்ந்தெடுத்தால் 12 × 11 × 10 = 1320 வழி. இது வரிசை மாற்றம். தாமிரபரணிக் கரையைச் சுத்தம் செய்ய, பதவி எதுவும் பிரிக்காமல் மூன்று பேரை மட்டும் அனுப்பினால், அதே மூவர் 1320க்குள் 3 × 2 × 1 = 6 தடவை எண்ணப்பட்டிருப்பார்கள். 1320 ÷ 6 = 220. இது சேர்வு. சேர்வுச் சூத்திரத்தில் கீழே இருக்கும் காரணியப் பெருக்கம் இந்த ஆறைக் கழற்றிவிடத்தான் இருக்கிறது.

சரி, அனுப்பும் மூவரில் சரியாக இரண்டு பெண்கள் இருக்க நிகழ்தகவு? இங்கேதான் கவனம் வேண்டும், கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

வரிசை இல்லாமல்: 7 பெண்களில் இருவர், 21 வழி, அப்புறம் 5 ஆண்களில் ஒருவர், 5 வழி. 105/220 = 0.477.

வரிசையோடு: ஆண் முதலில் வரலாம், நடுவில் வரலாம், கடைசியில் வரலாம், 3 விதம். ஒவ்வொன்றிலும் 7 × 6 × 5 = 210. மொத்தம் 630. 630/1320 = 0.477.

இரண்டும் சரி, இரண்டும் ஒரே விடை. "வரிசை பார்க்கணுமா வேண்டாமா சார்?" என்று நிகழ்தகவுக் கணக்கில் கேட்பவர்களுக்கு என் பதில்: பல நேரம் எப்படி வேண்டுமானாலும் பாருங்கள், மேலேயும் கீழேயும் ஒரே மாதிரி பாருங்கள். மேலே 105, கீழே 1320 என்று போட்டால் 0.08 வரும். விடைத்தாள்களில் அதிகம் கண்ணில் படும் தப்பு இதுதான்.

ஒரே பொருள் திரும்ப வந்தால் என்ன செய்வது என்பதற்கு ஒரு வரி. 'தாமிரபரணி' என்ற சொல்லில் ஆறு எழுத்துகள், அதில் 'ர' இரண்டு தடவை. இரண்டு ர-வையும் இடம் மாற்றினால் சொல் மாறாது என்பதால் 720ஐ இரண்டால் வகுக்க வேண்டும். 360 விதமாக அடுக்கலாம்.

ஐந்தாம் படி: 'குறைந்தது ஒன்று' என்றால் எதிர்ப்பக்கம் போங்கள்

தாயம் விழும் நிகழ்தகவு 1/8. அப்படியானால் எட்டு தடவை உருட்டினால் ஒரு தாயமாவது விழுந்தே தீருமா? தாயம் விழுந்தால்தான் காயை இறக்க முடியும் என்ற விதியில் ஆடுபவர்களுக்கு இது வயிற்றெரிச்சல் பிடித்த கேள்வி.

ஒரு தடவை தாயம் விழாமல் போக 7/8. எட்டு தடவையும் விழாமல் போக 7/8ஐ எட்டு தடவை பெருக்க வேண்டும்: 0.344. ஆக, குறைந்தது ஒரு தாயம் விழ 1 − 0.344 = 0.656. மூன்று பேர் ஆளுக்கு எட்டு தடவை உருட்டினால் ஒருவர் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்பது சகஜம். பாதிக்கு மேல் வாய்ப்பு வேண்டுமென்றால் ஆறு உருட்டு போதும் (0.551), உறுதி என்பது எத்தனை உருட்டினாலும் கிடையாது.

இந்தத் துறை பிறந்ததே இப்படி ஒரு கேள்வியிலிருந்துதான். 1654ல் ஷெவாலியே த மெரே என்ற பிரெஞ்சுக்காரர் கணித அறிஞர் பாஸ்கலிடம் ஒரு புதிர் கொண்டுவந்தார். ஆறு முகப் பகடை ஒன்றை 4 தடவை உருட்டி ஓர் ஆறாவது வரும் என்று பந்தயம் கட்டினால் லாபம். இரண்டு பகடைகளை 24 தடவை உருட்டி ஒரு இரட்டை ஆறாவது வரும் என்று கட்டினால் நஷ்டம். 6க்கு 4 என்றால் 36க்கு 24 தானே, ஏன் இப்படி? மேலே செய்தது போலவே எதிர்ப்பக்கம் போனால் முதலாவது 0.518, இரண்டாவது 0.491. பாஸ்கலும் இன்னொரு கணித அறிஞரான ஃபெர்மாவும் அந்த ஆண்டு எழுதிக்கொண்ட கடிதங்களிலிருந்துதான் நிகழ்தகவுக் கணிதத்தின் தொடக்கத்தைச் சொல்வார்கள்.

இன்னொன்று, டீக்கடை வாசலில் செய்து பார்க்க. நிற்கும் பைக்குகளில் ஏதாவது இரண்டுக்குக் கடைசி இரண்டு இலக்கம் ஒன்றாக இருக்குமா? மொத்தம் 100 சாத்தியங்கள். எல்லாம் வேறுவேறாக இருக்க 99/100, 98/100, 97/100 என்று பெருக்கிக்கொண்டே போங்கள். 13 வண்டி வந்ததும் அது 0.443க்கு இறங்கிவிடும்; அதாவது ஒரு ஜோடியாவது பொருந்த 0.557. இருபது வண்டி நின்றால் 0.87. ஜோடிகளை எண்ணினால் ஆச்சரியம் குறையும்: 20 வண்டிகளுக்குள் 190 ஜோடிகள் இருக்கின்றன.

ஆறாம் படி: புதுத் தகவல் வந்தால் பட்டியலைச் சுருக்குங்கள்

இரண்டு கட்டையை ஒருவர் மூடி வைத்திருக்கிறார். எட்டிப் பார்த்தவர், "இடது கட்டையில் பூஜ்யம்" என்கிறார். தாயமாக இருக்க நிகழ்தகவு? பட்டியலில் 00, 01, 02, 03 மட்டும் மிச்சம். அதில் 01 ஒன்றுதான் தாயம். 1/4.

இன்னொரு ஆட்டத்தில் அவர், "ஏதோ ஒரு கட்டையிலாவது பூஜ்யம் இருக்கு" என்கிறார். இப்போது மிச்சம்: 00, 01, 02, 03, 10, 20, 30. ஏழு விளைவுகள், அதில் தாயம் இரண்டு. 2/7. கேட்பதற்கு இரண்டும் ஒரே செய்தி மாதிரி இருந்தாலும் பட்டியல் வேறு, விடையும் வேறு. நிபந்தனை நிகழ்தகவுச் சூத்திரம் செய்வது இந்தச் சுருக்கலைத்தான். சூத்திரம் மறந்தால் பட்டியலில் கோடு அடித்துக்கொண்டே வாருங்கள்.

கூட்டலில் இரண்டு தடவை எண்ணிவிடும் ஆபத்தும் இதே பட்டியலில் தெரியும். 1, 5, 6, 12 விழுந்தால் மறு உருட்டு என்று வைத்துக்கொண்டால் அதற்கு 6 விளைவுகள். ஒரு பூஜ்யமாவது இருக்கும் விளைவுகள் 7. இரண்டில் ஏதாவது ஒன்று நடக்க 13/16 இல்லை; 00, 01, 10 மூன்றும் இரண்டு பக்கமும் இருப்பதால் 6 + 7 − 3 = 10, ஆக 10/16.

ஏழாம் படி: அடுத்த தடவை பட்டியல் மாறுகிறதா?

"ஏல, பத்து தடவ உருட்டியாச்சு, இன்னும் தாயம் விழ மாட்டேங்கு. அடுத்தது கண்டிப்பா விழும்." இதைச் சொல்லாத வீடு கிடையாது. பதினோராவது உருட்டிலும் பட்டியலில் அதே 16 விளைவுகள்தான். நிகழ்தகவு அதே 1/8. முன்னால் என்ன விழுந்தது என்று கட்டைக்குத் தெரியாது. இவை சார்பற்ற நிகழ்ச்சிகள்.

இப்போது தெருவில் நடக்கும் குலுக்கல் சீட்டுக்கு வாருங்கள். 20 பேர், மாதம் ஒரு பெயர் எடுப்பார்கள், விழுந்த பெயரைத் திரும்பப் போட மாட்டார்கள். பத்து மாதமாக உங்களுக்கு விழவில்லை. "இவ்வளவு நாள் விழல, இனி எனக்கு வாய்ப்பு ஜாஸ்தி" என்று நீங்கள் சொன்னால் அது சரி. டப்பாவில் பத்துப் பெயர்தான் மிச்சம். பதினோராவது மாதம் 1/10. தாயத்தில் தப்பான அதே நினைப்பு, சீட்டில் சரியாகிவிடுகிறது. பட்டியல் மாறுகிறதா என்று கேட்காமல், "முன்னால் நடந்தது பாதிக்காது" என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் பாதிக் கணக்கு தப்பும்.

சீட்டிலேயே இன்னொரு சந்தேகம். முதல் மாதம் விழ 1/20. மூன்றாம் மாதம் விழ? முதல் மாதம் விழாமல் இருக்க 19/20, அப்புறம் இரண்டாம் மாதமும் விழாமல் இருக்க 18/19, அப்புறம் மூன்றாம் மாதம் விழ 1/18. மூன்றையும் பெருக்கினால் 19ம் 18ம் அடிபட்டு 1/20 மிஞ்சும். குலுக்கல் தொடங்குவதற்கு முன் பார்த்தால் எந்த மாதத்துக்கும் அதே 1/20தான். பத்து மாதம் கழிந்த பின் கிடைத்த 1/10 நிபந்தனை நிகழ்தகவு. இந்த 1/20 நிபந்தனையில்லாதது. இரண்டையும் குழப்பாதீர்கள்.

பெருக்குவதற்கு முன் கேட்டே ஆக வேண்டிய கேள்விக்கு மழை நல்ல உதாரணம். ஒரு நாள் கனமழைக்கு நிகழ்தகவு 0.05 என்று வைத்துக்கொண்டு, அடுத்தடுத்து இரண்டு நாள் பெய்ய 0.05 × 0.05 = 0.0025 என்று எழுதுவது தவறு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம்ம பக்கம் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. கொட்டியது, தாமிரபரணி கரை தாண்டியது. ஒரு நாள் மழையைக் கொண்டுவரும் காற்றுச் சுழற்சி அடுத்த நாளும் தலைக்கு மேலேயே நிற்கும். இரண்டாம் நாளுக்கு, முதல் நாள் மழை பெய்தது என்ற நிபந்தனையோடு உள்ள நிகழ்தகவைத்தான் எடுத்துப் பெருக்க வேண்டும். அது 0.05ஐ விட நிச்சயம் பெரிது.

செய்து பார்க்க

விடையைப் பார்க்காமல் முதலில் பட்டியலின் ஒரு வரியையாவது எழுதுங்கள்.

1. தொடர்ந்து மூன்று உருட்டிலும் மறு உருட்டு எண் (1, 5, 6, 12) விழ நிகழ்தகவு?
சார்பற்றவை, பெருக்கலாம். 6/16 என்பது 3/8. மூன்று தடவை பெருக்க 27/512, ஏறத்தாழ 0.053.

2. பத்துப் பேர் சீட்டில் நீங்களும் உங்கள் அத்தையும் இருக்கிறீர்கள். முதல் மூன்று மாதத்துக்குள் இருவருக்கும் விழ நிகழ்தகவு?
உங்கள் இருவருக்கும் கிடைக்கும் மாதங்களை மட்டும் பாருங்கள். பத்து மாதங்களில் இரண்டு, 45 வழி. முதல் மூன்றில் இரண்டு, 3 வழி. 3/45 = 1/15.

3. ஐந்து பேர் உட்காரும் பஸ் பின்சீட்டில் ஐந்து பேர் இஷ்டத்துக்கு உட்காருகிறார்கள். அக்காவும் தங்கையும் அடுத்தடுத்து அமர நிகழ்தகவு?
இருவரையும் ஒரு ஆளாகக் கட்டினால் நான்கு பேர், 24 விதம். கட்டுக்குள் இருவரும் இடம் மாறலாம், ஆக 48. மொத்தம் 120. விடை 2/5.

4. டிஎன் 72 வண்டி ஒன்றின் நான்கு இலக்கம், 7227 போல, பின்னாலிருந்து படித்தாலும் அதே எண்ணாக இருக்க நிகழ்தகவு?
முதல் இரண்டு இலக்கம் முடிவானால் மற்ற இரண்டும் முடிவாகிவிடும். 10 × 10 = 100. அதில் 0000 என்ற நம்பர் கிடையாது, 99. விடை 99/9999, சுருக்கினால் 1/101. கழிக்க மறந்திருந்தால் 100/9999 வந்திருக்கும்; அப்போது மேலே 0000 இருக்கிறது, கீழே இல்லை.